கோயில் முற்றத்துப் பனிக்கட்டி

கொங்கிரீட்டில் உறைந்த பனிக்கட்டிக்கு மேல் சுடுதண்ணீர் ஊற்றக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத்தண்ணி வற்றிப் போயிற்று. ஊற்றியதும் உருகும். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். அட, இவ்வளவு சுகமான வேலையை விட்டுவிட்டு ஏன் முதுகு முறிய இழுக்கிறோம் என்று தோன்றும். கொஞ்ச நேரத்தில் அதே தண்ணீர் கண்ணாடி போல உறைந்து, இருக்கிற இடம் தெரியாமல் படுத்துக் கிடக்கும். அதில் கால் வைக்கிற ஆளைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.

நான் தெற்கு லண்டனில் ஒரு ஆரம்பப் பாடசாலையில் கேர்டேக்கர். பெண்பிள்ளைக்கு இது என்ன வேலை என்று எங்கள் ஆட்கள் ஆரம்பத்தில் மூக்கைச் சுளித்தார்கள். சுளித்தால் சுளிக்கட்டும். பன்னிரண்டு குளிர்காலமாக அந்த முற்றத்தைப் பார்க்கிறேன், ஒரு பிள்ளை வழுக்கி விழுந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், இப்போது என்ன?

ஆனால் எங்கள் சனத்திடம் என்னைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். "ஐயரை விழுத்தின மனிசியோ?" என்றுதான் கேட்பார்கள். ஈஸ்ட் ஹாமில் மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றபோது, முன்பின் தெரியாத ஒரு அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு அப்படியே கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். முருங்கைக்காயை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்று எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துப் போகும் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கோயில் சின்னக் கோயில். டிராம் பாதையோரம், டயர்க் கடைக்கும் பலகைக் களஞ்சியத்துக்கும் நடுவில் இருக்கிறது. கோபுரம் கிடையாது, தகரக் கூரைதான். ஆனால் முன்னால் நல்ல விசாலமான முற்றம் உண்டு. எனக்குக் கலியாணமும் ஆகவில்லை, இந்த நாட்டில் சொந்தமும் இல்லை. வெள்ளியும் ஞாயிறும் நான் போய் நிற்பதற்கு இருந்த ஒரே இடம் அந்த முற்றம். கூட்டுவேன், கழுவுவேன், குளிர்காலத்தில் பனி தள்ளுவேன். சாமான்கள் வைக்கிற பின்பக்கக் கொட்டிலைப் பூட்டித் திறக்கிற திறப்பு என் கையில் இருந்தது. "முற்றமோ, அதைப் பிள்ளை பாத்துக்கொள்ளும்" என்று கோயில் நிர்வாகசபைத் தலைவர் எல்லோருக்கும் சொல்லுவார். அம்பத்தைந்து வயதில் என்னைப் பிள்ளை என்று கூப்பிட அங்கேதான் ஆட்கள் இருந்தார்கள்.

ஐயர் விழுந்த பொங்கலுக்கு முந்தின கோடையில் முற்றத்துக்குப் புதுக் கொங்கிரீட் போட்டார்கள். அது அக்கா குடும்பத்தின் உபயம், சுவரில் பெயர்க் கல்லும் பதித்தார்கள். அக்கா என்றால் கூடப் பிறந்த அக்கா அல்ல. கோயில் மடைப்பள்ளி முழுவதும் அவர் கையில்தான் இருந்தது. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், குரோய்டனில் அந்தப் பெரிய குடிவரவு அலுவலகத்துக்கு முன்னால் வரிசையில் விறைத்துப்போய் நின்றபோது, தன் சால்வையைக் கழற்றி எனக்குப் போர்த்திவிட்டவர். அன்றைக்குத் தன் தம்பியின் அலுவலாக வந்தவர், என்னைப் பார்த்ததும் என் அலுவலையும் சேர்த்துப் பார்த்தார். "நீ இனி எங்கட வீட்டுப் பிள்ளை" என்றார். இருபது வருடமாக நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். விசர் எனக்கு.

புதுக் கொங்கிரீட்டுக்கு முதல் குளிர்காலத்தில் உப்புப் போடக் கூடாது. உப்புப் போட்டால் பனி உருகித் தண்ணீர் உள்ளே இறங்கும், திரும்ப உறையும், உறையும்போது மேல்தோல் செதில் செதிலாகக் கழன்று வரும். அதைவிட எங்களுக்கு இன்னொரு கரைச்சலும் உண்டு. வெள்ளைக்காரர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நடக்கிற முற்றத்துக்குத்தான் உப்புச் சரி. எங்கள் சனம் மைனஸிலும் வெறுங்காலோடு சுற்றுகிற சனம். பித்தவெடிப்பில் உப்புப் பட்டால் அம்மாளாச்சி என்று கத்துவார்கள். ஆகவே நான் எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். பனி விழுந்த கையோடு, அது மிதிபட்டு இறுகுவதற்கு முன்னால், பிளாஸ்டிக் சவளால் தள்ளிவிட வேண்டும். இரும்புச் சவள் கொங்கிரீட்டைக் கீறிவிடும். பிறகு தும்புத்தடியால் நன்றாகக் கூட்டிவிட்டு, காய்ந்த கரடுமணலைத் தூவ வேண்டும். மணல் எதையும் உருக்காது, காலுக்குப் பிடி கொடுக்கும், அவ்வளவுதான். ஆட்கள் நடக்கிற வழியில் மட்டும் இறப்பர் விரிப்புப் போடுவேன், அடுப்புக்குக் கிட்டப் போடமாட்டேன். தண்ணீர் என்கிற பேச்சே கூடாது. கோலத்துக்குக்கூட மஞ்சள் தண்ணீர் தெளிக்க விடமாட்டேன். ஒரு பலகையில் மாக்கோலம் போட்டுக் கொண்டுவந்து வைப்பேன்.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "பொங்கலுக்கு நிலம் கழுவாமல் அடுப்பு வைக்கிறதோ? கண்டறியாத முறை" என்று முணுமுணுப்பார். பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரமும் கேட்டார்.

"எடியே, ஒரு வாளி சுடுதண்ணி ஊத்தினா என்னடி? நிலமும் துப்பரவாகும், ஐயற்ற காலும் விறைக்காது."

"ஊத்தினா அரை மணித்தியாலத்தில ஐஸ் அக்கா. நிலம் மைனஸில கிடக்கு. ஐயரை விழுத்தப் போறியளோ?"

"சரி சரி, உனக்குத்தானே எல்லாம் தெரியும்" என்று சிரித்துக்கொண்டு போனார்.

இப்போது யோசித்தால், அந்த 'விழுத்தின' என்ற சொல்லை முதலில் எடுத்தவள் நான்தான்.

பொங்கலன்று விடியப்புறம் நான் போனபோது கணுக்கால் அளவு பனி கிடந்தது. பாடசாலைக்கு லீவு போட்டிருந்தேன். தனியாகத்தான் தள்ளினேன். முற்றம் வாசல் பக்கம் கொஞ்சம் உயரம், கோயில் பக்கம் கொஞ்சம் பள்ளம். பள்ளத்தில்தான் பொங்கல் அடுப்பு வைப்பது வழக்கம். ஆகவே பனியையெல்லாம் உயர்ந்த பக்கம் மதிலோடு குவித்தேன். பொதுவாக அப்படிக் குவிக்கக் கூடாது. உருகினால் நடக்கிற வழிக்குத்தான் வடியும். ஆனால் அன்றைக்கு மைனஸ் நாலு, வேறு இடமும் இல்லை. கூட்டி, மணல் தூவி, விரிப்புப் போட்டு, நானே சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு கோயில் படியிலிருந்து அடுப்படி தாண்டி வாசல் வரைக்கும் நடந்து பார்த்தேன். ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. பிறகு சேலை மாற்ற உள்ளே போனேன். எனக்குச் சேலை கட்ட அரை மணித்தியாலம் வேண்டும், அது எல்லோருக்கும் தெரிந்த பகிடி.

நான் வெளியே வரும்போது சனம் நிறைந்திருந்தது. சூரியன் டயர்க் கடைக்கு மேலே எட்டிப் பார்த்தது. எங்கள் ஐயர் முப்பது வயதுகூட ஆகாத மனிதர், ஊரிலிருந்து வந்து இரண்டு வருடம். பால் நிறைந்த பானையைத் தோளோடு அணைத்துக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கினார். மேளம் தொடங்கியது. அடுப்புக்கு நாலடி இருக்கும்போது அவருடைய இரண்டு காலும் ஒன்றாக முன்னால் போயின. பானை பறந்து விழுந்து உடைந்தது. அவர் வலது கையை ஊன்றி விழுந்தார். கை மடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பால் கொங்கிரீட்டில் ஓடியது, பெண்கள் "ஐயோ கடவுளே" என்று வாயில் கையை வைத்தார்கள். பொங்கலன்று பானை உடைந்தால் எங்கள் சனம் என்ன நினைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓடிப்போய்க் குனிந்தேன். அவர் விழுந்த இடத்தில் ஒரு பாய் அளவுக்குப் பளபளவென்று ஐஸ். நான் தூவிய மணல் அதன் ஓரத்தில் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. மனது முழுவதும் ஒரே நினைப்புத்தான்: நான் பார்த்துக்கொண்ட முற்றத்தில் ஒரு ஆள் விழுந்துவிட்டார்.

அக்காதான் பக்கத்தில் வந்து என் தோளைப் பிடித்தார். "மேட்டில குவிச்சனியெல்லோ பிள்ளை, அதில இருந்து வடிஞ்சிருக்கு போல" என்று காதுக்குள் சொன்னார். குவிக்கிற இடம் பற்றி அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். மைனஸ் நாலில் குவியல் எப்படி உருகும், உருகினாலும் மணலை ஒதுக்குகிற அளவுக்கு எப்படி ஓடும் என்று பாடசாலையில் ஒரு பிள்ளையைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். எனக்கு அந்த நேரம் அக்கா சொன்னது வேதவாக்கு.

அடுத்த ஞாயிறு நிர்வாகசபைக் கூட்டம் வைத்தார்கள். அன்னதான மண்டபத்தில் ஏழு பேர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள், அக்கா எட்டாவது ஆள், நான் ஒன்பதாவது. ஐயர் வரவில்லை. மணிக்கட்டில் சத்திரசிகிச்சை, தகடு வைத்திருக்கிறார்கள் என்றார்கள். தலைவர் ஓய்வுபெற்ற எஞ்சினியர், மென்மையாகத்தான் கதைப்பார்.

"நடந்தது நடந்து போச்சு. ஆனா எப்பிடி நடந்தது எண்டு எழுதி வைக்கோணும். முற்றம் ஆற்ற பொறுப்பு?"

"என்ர பொறுப்பு அண்ணை."

"பிள்ளையில பிழை சொல்லேலாது" என்றார் அக்கா, தரையைப் பார்த்துக்கொண்டு. "அவள் ஸ்னோவை மேட்டில குவிச்சுப்போட்டாள். ஆருக்கும் வாற பிழைதானே."

நான் எழுந்து நின்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன். "பிழை என்ர. எல்லாரும் என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர்கள் மன்னித்தார்கள், பெரிய மனது பண்ணி மன்னித்தார்கள். பொருளாளர் என் தலையைத் தடவினார். செயலாளர் மேசையில்லாமல் மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, "விடுங்கோ, நீங்கள் வேணுமெண்டோ செய்தனீங்கள்?" என்றார். அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதார். அப்போது எனக்கு நெஞ்செல்லாம் நன்றிதான். இப்படியான மனிதர்களோடு இருக்கக் கொடுத்து வைத்திருக்கிறேனே என்று நினைத்தேன். உண்ணாணை, சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இனி முற்றத்தை ஒரு கொம்பனியிடம் கொடுக்கலாம் என்று சபை நினைக்கிறது என்றார். சனம் கதைக்கிறதாம். கொட்டில் திறப்பை அவர் கையில் கொடுத்தேன். பாடசாலையிலும் எனக்கு வேலை ஓடவில்லை. ஒவ்வொரு படியையும் இரண்டு தடவை பார்ப்பேன், வீட்டுக்குப் போன பிறகும் திரும்பி வந்து பார்ப்பேன். பதினொரு வருடம் தெரிந்த வேலை திடீரென்று எனக்குத் தெரியாத வேலையாகப் போயிற்று. கோயிலில் என்னைக் கண்டால் ஆட்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்றார்கள். பானை உடைத்தவள் அல்லவா.

பங்குனி மாதம், டிராம் நிறுத்தத்தில் ஐயரைக் கண்டேன். கையில் கட்டு இல்லை, ஆனால் விரல்களை ஒரு பந்தை வைத்து அமத்திக்கொண்டு நின்றார். நான் கிட்டப்போய், "ஐயா, நேரில வந்து மன்னிப்புக் கேக்கோணும் எண்டு கனநாளா" என்று தொடங்கினேன். அவர் பதறிப்போனார்.

"என்னம்மா இது, நீங்கள் என்னட்டை மன்னிப்புக் கேக்கிறதோ? உங்களைப்போல மனசு ஆருக்கம்மா வரும்?"

எனக்கு விளங்கவில்லை. "என்ர பிழையாலதானே விழுந்தனீங்கள்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அம்மா, நான் படியில நிண்டு பாத்தனான். அக்கா மடைப்பள்ளிக் கிடாரத்தில இருந்து ரெண்டு வாளி சுடுதண்ணி கொண்டுவந்து அடுப்படியில ஊத்தினவ. 'ஐயா, வெறுங்காலோட நிக்கப்போறியள், சூடாக்கி விடுறன்' எண்டு எனக்குச் சொல்லித்தான் ஊத்தினவ. பாவம், நல்லதுக்குத்தான் செய்தவ. நான் அண்டைக்கு ஆஸ்பத்திரியில வைச்சே தலைவரிட்டைச் சொல்லிட்டன்."

"அண்டைக்கேயோ?"

"ஓம் அம்மா. அவர் சபையில எல்லாருக்கும் சொன்னவர். பிறகு என்னட்டை வந்து, நீங்கள் அக்காவுக்காகப் பழியை நீங்களே ஏற்றுக்கொண்டியள், இனி இதைப்பற்றி ஒருத்தரோடையும் கதைக்க வேண்டாம் எண்டார். என்ர விசாவும் அவையின்ர கையில... நானும் பேசாமல் விட்டிட்டன். ஆனா உங்களுக்குத் தெரிஞ்சுதானே நடந்தது?"

டிராம் வந்தது. அவர் ஏறினார். நான் ஏறவில்லை. அங்கேயே உட்கார்ந்து அந்த மண்டபத்தில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். என் தலையைத் தடவியவருக்குத் தெரியும். எழுதியவருக்குத் தெரியும். ஆற்ற பொறுப்பு என்று மென்மையாகக் கேட்டவருக்கு எல்லோருக்கும் முதலே தெரியும். நான் கும்பிட்டுக்கொண்டு நின்று அழுதபோது, எட்டுப் பேரும் தெரிந்துகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கேட்க வைத்து, அதை மன்னிக்கவும் செய்திருக்கிறார்கள். துரோகிகள் என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் தள்ளிப்போய் நின்றார்.

அடுத்த நாள் பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். "ஐயர் சொல்லிப்போட்டாரோ?" என்றுதான் முதலில் கேட்டார். குசினிக்குள் கூட்டிக்கொண்டுபோய் இருத்தினார். கேத்தலைப் போட்டார். சீனிப் போத்தல் என்று உப்புப் போத்தலை எடுத்து, திரும்ப வைத்தார். அதைப் பார்த்து எனக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது, பாருங்கள் என் புத்தியை.

"நீங்கள் ஊத்தினதுக்கு எனக்குக் கோவமில்லை அக்கா" என்றேன். "ஊத்தினது நல்ல மனசில. எல்லாருக்கும் வாற பிழைதான், நீங்களே சொன்னியளே. ஆனா நான் எழும்பி நிண்டு அழேக்கை, என்னைக் கட்டிப்பிடிச்சனீங்களே. அது என்னத்துக்கு?"

அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவினார். கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவினார்.

"அண்டைக்கு மகளின்ர மாப்பிள்ளை வீட்டு ஆக்கள் முதல்முதலா வந்து நிண்டவை" என்றார் கடைசியில். "சம்மந்தம் பேசி ஒரு மாதம்கூட ஆகேல்லை. பொங்கப் பானையை உடைச்ச குடும்பம் எண்டு அவை போய்ச் சொன்னா என்ன நடக்கும்? முற்றமும் எங்கட உபயம். கல்லில என்ர மனுசன்ர பேர் கிடக்கு. வெளியில சொல்ல வேண்டாமெண்டு நான் தலைவரிட்டை அழுதுதான் கேட்டனான். நீ அதுக்குள்ளை உன்ர பிழை எண்டு நீயாவே நம்பியிட்டாய்."

"நம்ப வைச்சது நீங்கள்."

"ஓம்" என்றார். மறுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். அவர் அன்பாக, எனக்கு ஆறுதல் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"எனக்குப் பிள்ளையள் இருக்கு, சம்மந்தம் சொந்தம் எண்டு நாலு பேர் இருக்கினம். நீ தனி ஆள்தானே பிள்ளை. உன்னை ஆர் வந்து கேக்கப் போகினம்?"

தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அன்றிரவே தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன், வையவில்லை. கூட்டத்தில் சொன்னதைக் கூட்டத்திலேயே திருத்திச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன். பதில் வரவில்லை. ஆவணியில் அக்காவின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. எனக்கு அழைப்பு தபாலில் வந்தது. போகவில்லை.

இந்த முறை பொங்கலுக்குக் கோயிலுக்கும் போகவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் அந்த முற்றத்தில் இல்லாமல் பொங்கல் நடந்ததில்லை. ஏன் வரவில்லை, சுகமில்லையா, என்ன ஏது என்று யாராவது ஒருவர் எடுத்துக் கேட்பார் என்று போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க வீட்டில் இருந்தேன். தலைவர் வேண்டாம், அக்கா வேண்டாம், என்னோடு சேர்ந்து மாலை கட்டுகிற பெண்களில் ஒருத்தி கேட்டிருந்தாலும் போதும்.

அக்கா சொன்னது சரி. ஒருவரும் கேட்கவில்லை.